கீழ் வீட்டுக்குக் கேட்காத பெட்டி

என் சத்தக்கார அம்மாவுக்கு,

இப்படிக் கூப்பிட்டால் நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரிக்காதே. நான் பயந்துபோய் இருக்கிறேன். உன் மேல் கோபமாகவும் இருக்கிறேன். இரண்டும் சேர்ந்து வந்தால் தூக்கம் வர மாட்டேன் என்கிறது.

கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கங்களில், கம்பளிக்குள் போன் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா கூடத்தில் படுத்திருக்கிறார். நீ போன பிறகு அவருடைய தூக்கம் மெலிந்துவிட்டது. தாளைத் திருப்பினால்கூட "என்ன பாப்பா" என்கிறார். அதனால் ஒரே பக்கத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதுகிறேன்.

சனிக்கிழமை உன் பெட்டியை ஏற்றிக்கொண்டு போகத் தாண்டிக்குடியிலிருந்து ஜீப் வருகிறது. இன்று வியாழன்.

கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கும், உலகமே ஆம்ப் என்று சொல்லும் சாமானை நீ மட்டும் பெட்டி என்பாய். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். ஹாஸ்டலில் துணி வெளுக்கும் அறையில் நீ வேலை பார்த்தபோது, ஊருக்குத் திரும்பிய வாத்தியார் ஒருவர் தூக்கிப் போக முடியாமல் விட்டுவிட்டுப் போனது. ஐம்பது வாட்ஸ். உள்ளே பல்பு மாதிரி சூடேறிச் சிவக்கும் வால்வுகள், முன்னால் தாம்பாளம் அளவு ஸ்பீக்கர். அதை மேல் ரோட்டிலிருந்து நம் வீட்டுக்குப் படி இறக்கிக் கொண்டுவரவே இரண்டு ஆள் வேண்டியிருந்தது என்று அப்பா சொல்வார். அதைத்தான் தாண்டிக்குடி எஸ்டேட்டில் விருந்தினர் விடுதி நடத்துகிற ஒருவர் கேட்டிருக்கிறார். கூடத்தில் அழகுக்கு வைப்பாராம். மேலே பூந்தொட்டி வைத்தால் நன்றாக இருக்கும் என்று அப்பாவிடமே சொன்னாராம்.

அப்பாவைத் திட்டாதே. அவருக்கு வேறு வழி இல்லை. ஓனர் போன் பண்ணிச் சத்தம் போட்டுவிட்டார். கீழ் வீட்டிலிருந்து புகார் வந்ததாம். இன்னொரு புகார் வந்தால் மாதக் கடைசியில் வீட்டைக் காலி பண்ண வேண்டுமாம். இந்தச் சரிவில், இந்த வாடகையில், அப்பாவின் டாக்ஸியை மேலே நிறுத்த இடம் உள்ள வீடு வேறு எங்கே கிடைக்கும்?

ஓனர் போன் பண்ணுவதற்கு முன்பே, போன மாதம் உன் பெட்டியில் வாசிக்கட்டுமா என்று நான் கேட்டபோது, அப்பா ஒரே ஒரு சலுகை கொடுத்திருந்தார். "கீழ் வீட்டுக்குக் கேக்காத பெட்டி ஒண்ணக் காட்டு பாப்பா. இதக் குடுத்துட்டு அத வாங்கிக்கலாம். இல்லன்னா கிட்டாரத் தூக்கிப் பரணுல வச்சிரு." அவ்வளவுதான் சொன்னார். ஒரு மாதமாக நான் அந்தப் பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறேன் அம்மா. அப்படி ஒன்று உலகத்தில் இல்லை.

ஏன் வேண்டும் என்று நீ கேட்க மாட்டாய். இருந்தாலும் சொல்கிறேன். உன் குரல் அப்பாவின் போனில் இருக்கிறது. "வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்று பதினோரு விநாடி. ஆனால் உன் சத்தம் எங்கேயும் இல்லை. நீ வாசித்ததைப் பிடித்த வீடியோ எல்லாவற்றிலும் போன் திணறிப்போய், தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரிதான் கேட்கிறது. நீ வாசிக்கும்போது நான் கட்டிலில் கிடந்து அதை வயிற்றில் வாங்கியவள். அந்தக் கனம் எப்படி இருந்தது என்பது எனக்கு மறந்துகொண்டே வருகிறது. அந்தக் கனத்தை நானே வாசித்தால்தான் திரும்ப வரும்.

உன் பெட்டியின் குணம் உனக்குத் தெரியும். வால்யூம் குமிழ் ஒன்றில் இருந்தால் டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு. ஒன்றரையிலும் அதே வண்டுதான். இரண்டைத் தொட்டு ஒரு மயிரிழை தாண்டினால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. நடுவில் ஒன்றுமே கிடையாது. நீ எங்கே வைத்து வாசித்தாய்? ஒரு பேனாக் குறியாவது போட்டு வைத்திருக்கக் கூடாதா? குமிழ்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டேன். துணி வெளுக்கிறவள் ஆயிற்றே, பளிச்சென்று துடைத்து வைத்திருக்கிறாய்.

பஜாரில் ஸ்பீக்கர் பழுது பார்க்கும் சாதிக் பாயிடம் போனேன். உன்னை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார். வால்வு மாற்ற நீ வந்தால் பக்கத்துக் கடை சாக்லேட்காரர்கூட வேடிக்கை பார்ப்பாராம். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாப்பா, யானைய வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு மெதுவாப் பிளிறுன்னா பிளிறுமா? அந்த வால்வு மூச்சு முட்ட வேல செஞ்சாத்தான் ஒனக்கு வேணுங்கிற கனம் வரும். மெதுவாவும் வேணும், கனமாவும் வேணும்னா நீ வேற சாமான்தான் பாக்கணும்."

பார்த்தேன். அவரே வாசித்துப் பார்க்க ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டார். முதலில் கிட்டாரிலேயே செருகிக்கொள்கிற தீப்பெட்டி அளவு ஒன்று. ஹெட்போனில் மட்டும் கேட்கும். கீழ் வீட்டுக்கு என்ன, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கே கேட்காது. சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாம் மண்டைக்குள். கழுத்துக்குக் கீழே ஒன்றும் இறங்கவில்லை. பசிக்கிறவளுக்குச் சமையல் வீடியோ காட்டுகிற மாதிரி. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்தது ஐந்து வாட்ஸ். ஐம்பதை ஐந்தாக்கினால் சத்தமும் பத்தில் ஒரு பங்காகும் என்று நான் கணக்குப் போட்டேன். அப்படி இல்லையாம். காதுக்குப் பாதியாகக் குறைந்தாலே அதிகமாம். பிறகு எதற்கு அந்த எண்ணை முன்னால் எழுதி வைக்கிறார்கள்? அதன் ஸ்பீக்கர் உள்ளங்கை அகலம். கனம் வேண்டும் என்று திருகத் திருக, பேத்துப்பாறைப் பக்கம் யாரோ மெஷினில் மரம் அறுப்பது போல வந்தது. அதுவும் போயிற்று.

மூன்றாவதுதான் இப்போது கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. இருபது வாட்ஸ். வால்வு கிடையாது, எல்லாம் சிப். பொத்தானை அமுக்கினால் விதவிதமான பெரிய பெட்டிகளின் குரலில் பேசும். கடையில் வாசித்தபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதுதான், இதேதான் என்று நினைத்தேன். கடைக்கு வெளியே பஸ் ஹாரனும் டூரிஸ்ட் கூட்டமுமாக இருந்ததால் சாதிக் பாய் வால்யூமை ஏற்றி வைத்திருந்தார் என்பது எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மெதுவாக வைத்தேன். அடிவயிற்றுச் சத்தம் அப்படியே காணாமல் போய்விட்டது. அதனால் பேஸ் குமிழை முழுக்கத் திருகினேன். தரையில் வைத்து, கம்பளி சுற்றி வாசித்தேன். சத்தம் வெளியே போகிறதா என்று படிக்கட்டில் நின்றுகூடப் பார்த்தேன், போனில் பதிந்த என் வாசிப்பைப் பெட்டி வழியாக ஓடவிட்டு. ஒன்றும் கேட்கவில்லை. நான்கு நாள் சந்தோஷமாக இருந்தேன் அம்மா. நான்கே நாள். ஐந்தாம் நாள்தான் ஓனர் போன் பண்ணினார்.

எப்படிக் கேட்டிருக்கும்? படிக்கட்டில் கேட்காத சத்தம் கீழ் வீட்டில் எப்படிக் கேட்கும்? எத்தனை தடவை யோசித்தாலும் விளங்கவில்லை. நீ இதே வீட்டில், இதே தரையில், ஐம்பது வாட்ஸை வைத்துக்கொண்டு எட்டு வருஷம் வாசித்தாயே. உன்னை ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லையே. மேல் வீடு சீசனுக்கு மட்டும் திறக்கிற வீடு, சரி. கீழ் வீட்டில் அன்றைக்கும் ஜமீலா அக்காதானே இருந்தார்கள்? உனக்கு மட்டும் கீழ் வீட்டுக்குக் கேட்காத சத்தத்தை யார் கொடுத்தது?

கேட்டால் நீ எதையும் முழுசாகச் சொன்னதில்லை. அதுதான் என் கோபம். சில நாள் கிட்டாரைத் தோளில் மாட்டுவாய், வால்வு சூடேற விடுவாய், பின்பக்கம் போய்க் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து கீழே எட்டிப் பார்ப்பாய், வந்து எல்லாவற்றையும் அணைத்துவிட்டு "இன்னிக்கு வேண்டாம்டி" என்பாய். ஏன் என்றால் பதில் வராது. உனக்கு மூட் சரியில்லை என்று நினைத்துக்கொள்வேன். அந்தச் சிவப்பு ஸ்வெட்டரும் அப்படித்தான். பனி இறங்கி எதிர் மரமே தெரியாத சாயங்காலத்தில் அதைக் கொண்டுபோய்க் கம்பியில் காயப் போடுவாய். எந்த ஊரில் பனியில் துணி காயும்? துணி வெளுப்பதே வேலையாக இருந்தவளுக்கு இது தெரியாதா? ஒருநாளும் அது காய்ந்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பீரோவிலிருந்து எடுத்தபோது பூசண வாடை அடித்தது. நானும் பின்பக்கம் கம்பியில் போட்டு வைத்தேன். உன் வாடையும் சேர்ந்து போய்விடுமோ என்று பயந்து ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கை நீளமாக இருக்கிறது.

சரி, நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

இன்று அப்பா டூரிஸ்ட்களை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போயிருந்தார். ராத்திரிதான் வருவார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே மழை பிடித்துக்கொண்டது. மேல் வீட்டுத் தகரக் கூரையில் மழை விழுந்தால் இந்தக் கட்டடத்துக்குள் பேச்சே கேட்காதே, உனக்குத் தெரியும். எனக்கு ஒரு யோசனை வந்தது. மழை மூடிக்கொள்ளும். சனிக்கிழமை உன் பெட்டி போய்விடும். ஒரே ஒரு தடவை, அது வாசிக்க வேண்டிய மாதிரி வாசித்துவிடலாம்.

தொடக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். தொட்டேன். வால்வுகள் சிவக்கும்வரை பெட்டியின் பின்பக்கம் கையைக் காட்டிக் குளிர் காய்ந்தேன், நீ செய்வாயே அப்படி. குமிழை நாலில் வைத்தேன். அம்மா, வந்தது. வயிற்றில் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

மழை சொல்லிக்கொண்டா நிற்கும்? சட்டென்று நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. எனக்குத் தெரியவே இல்லை. கை ஓய்ந்து கண்ணைத் திறந்தபோது தகரத்தில் ஒரு சொட்டுச் சத்தம்கூட இல்லை. கீழே ஜமீலா அக்காவின் குழந்தை அலறிக்கொண்டிருந்தான். நீ கண்ணை மூடிய அதே மாதம் பிறந்தவன்.

படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. கதவைத் தட்டினார்கள். நான் திறக்கவில்லை. பெட்டியை அணைத்துவிட்டு அதன் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டேன். மூச்சை அடக்கிக்கொண்டேன். பதினோராம் வகுப்புப் படிக்கிறவள். நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது.

மறுபடியும் தட்டினார்கள். பிறகு ஜமீலா அக்கா கதவு இடுக்கு வழியாகவே பேசினார்கள். "பிரிசி, உள்ளதான இருக்க. சரி, தொறக்க வேண்டாம். நாளைக்கு அப்பா இருப்பார்ல? சாயங்காலம் வாரேன். பேசணும்."

பேசணும் என்றால் என்ன? ஓனரிடம் பேசுவதற்கு முன்னால் அப்பாவிடம் சொல்லிவிடுவது மரியாதை என்று நினைக்கிறார்களா? அப்பா ஒன்பது மணிக்கு வந்தார். மதுரையிலிருந்து எனக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்திருந்தார். சாப்பிட்டார், படுத்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொன்னதை மீறினேன் என்பது நாளைக்குத் தெரியும். அதனால் வீடு போகிறது என்பதும் தெரியும். கிட்டாருக்குப் பரண்கூட மிஞ்சாது.

நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? இதையாவது சொல்லேன்.

போன் சார்ஜ் தீரப்போகிறது. நிறுத்துகிறேன்.

வெள்ளிக்கிழமை. அதே நோட்டு, அதே கம்பளி.

ஜமீலா அக்கா வந்துவிட்டுப் போய்விட்டார்கள். நடந்ததை வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். 

ஐந்து மணிக்கு வந்தார்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. அப்பா அவசரமாகச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் அடுப்படிக்குள் நின்றுகொண்டேன். டீ போடுகிறேன் என்று பேர். பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

அப்பாவே முந்திக்கொண்டார். மன்னிச்சுக்கம்மா, அந்தச் சின்னப் பெட்டியக் கடையில திருப்பிக் குடுத்துருவோம், பெரிசும் நாளைக்குப் போயிருது, இனிமே ஒரு சத்தமும் வராது என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். யார் முன்னாலும் அவர் கை கட்டி நின்று நான் பார்த்ததில்லை.

ஜமீலா அக்கா அதைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. "அதிருக்கட்டும்ணே. நான் வேற ஒண்ணு கேக்க வந்தேன். ஞாயித்துக்கெழம ஏன் ஸ்வெட்டரப் போட்டுட்டு வாசிக்கல?"

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான்.

"செவப்பு ஸ்வெட்டர்ணே. அக்காவோடது. கம்பியில தொங்குச்சுல்ல? நான் பாத்துட்டு, சரி, புள்ள வாசிக்கப் போகுதுன்னு, இவன் தூங்குறவன எழுப்பி, குல்லா மாட்டி, மேல ரோட்டுல பேக்கரி வாசல்ல போய் நின்னேன். அரை மணி நேரம். அந்தக் குளிர்ல. இவன் ஒரு பன்னு முழுசையும் பிச்சுப் பிச்சு என் மேலயே போட்டான். எறங்கி வந்தா ஒரு சத்தத்தையும் காணோம். ஸ்வெட்டரு மட்டும் கெடக்கு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்."

அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அம்மா, நீ இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை?

எட்டு வருஷத்துக்கு முன்னால், நீ பெட்டியைக் கொண்டுவந்த முதல் வாரமே ஜமீலா அக்கா உன்னோடு சண்டை போட மேலே வந்தார்களாமே. அவர்களுடைய மாமியாருக்கு ஒற்றைத் தலைவலி. நீ சண்டை போடவில்லையாம். வாசிக்கும் முன்னால் கம்பியில் சிவப்பு ஸ்வெட்டரைப் போடுகிறேன், அரை மணிக்கு மேல் வாசிக்க மாட்டேன், உங்கள் வீட்டில் முடியாத நாளில் ஒரு வெள்ளைத் துண்டைக் கீழ்க் கம்பியில் போடு, எடுத்துவிடுகிறேன் என்றாயாம். தேடாமலே பனியில் கண்ணில் படுகிற நிறம் என்பதால் சிவப்பு; துண்டை நீயே எட்டித் தேடிப் பார்த்துக்கொள்வாய். ஸ்வெட்டரைப் பார்த்ததும் அந்தப் பாட்டியம்மாவைக் கூட்டிக்கொண்டு அக்கா மேல் ரோட்டுக்கு நடை போவார்களாம். வெள்ளைத் துண்டு தொங்கிய நாளில்தான் நீ எட்டிப் பார்த்துவிட்டு வந்து "இன்னிக்கு வேண்டாம்டி" என்றிருக்கிறாய்.

நான் அதை உன் மூட் என்று நினைத்தேன். எத்தனை நாள் உன்னிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பகலெல்லாம் வண்டியில் இருந்தவருக்கு இது எப்படித் தெரியும்? "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே அவ," என்றார். குழந்தை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தான். அவர் விட்டுவிட்டார்.

அப்புறம் ஜமீலா அக்கா என் பக்கம் திரும்பினார்கள். "ஓனர்கிட்டச் சொன்னது எங்க வீட்டுக்காரர்தான். ஆனா அது இந்தப் பெரிசுக்கு இல்ல. நீ புதுசா ஒண்ணு வச்சிருக்கியே, அதுக்கு. என்ன எழவு அது? பாட்டுன்னா பாட்டு மாதிரிக் கேக்கணும். இது ராத்திரி எட்டு மணிக்கு டும் டும்னு, தலைக்கு மேல யாரோ உலக்கை போடுற மாதிரி. எப்ப வரும்னும் தெரியாது, எப்ப நிக்கும்னும் தெரியாது. காத்துக் கெடக்குறதே பெரிய சோலியா இருக்கு."

படிக்கட்டில் கேட்காத சத்தம் கீழே எப்படிக் கேட்டது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மேல் சத்தத்தை எல்லாம் கம்பளி தின்றுவிட்டது. நான் ஆசையாகத் திருகி வைத்த பேஸ் மட்டும் காற்றில் வராமல் தரைக்குள் இறங்கியிருக்கிறது. எனக்குக் கேட்காத அதே கனம் ஜமீலா அக்கா வீட்டுக்குத்தான் போயிருக்கிறது. ஒரு மாதமாக நான் தேடியது அவர்கள் கூரையில் இருந்தது.

"நேத்து மழை நின்னப்ப கேட்டுச்சே," என்று நானே கேட்டேன். சொல்லிவிட்டு அப்பாவைப் பார்க்க முடியவில்லை. "அது?"

"அது சத்தந்தான். இவன் பயந்து அழுதான். மழ திரும்பப் பிடிச்சதும் அதுக்கும் அழுதான். அவனுக்கு அழுகதான் சோலி." அக்கா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்கள். "கதவத் தொறந்திருந்தா அப்பவே இதச் சொல்லியிருப்பேன்ல."

அப்பா அதற்குத்தான் கோபப்பட்டார். பெட்டியைத் தொட்டதற்குக்கூட இல்லை. "வீடு தேடி வந்தவங்களுக்கு ஏன் கதவத் தொறக்கல?" என்று மட்டும் கேட்டார். நான் பயமாக இருந்தது என்றேன். அவர் எழுந்து படி ஏறி மேலே போய்விட்டார். போனில் பேசப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது டாக்ஸியிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பழைய டயரை ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு வந்தார்.

"தரையில வச்சா தரைக்குள்ள போகுதுன்னா, தரையில வைக்காத," என்றார்.

உன் பெட்டியை நாங்கள் மூன்று பேருமாகத் தூக்கி டயரின் மேல் உட்கார வைத்தோம். ஜமீலா அக்கா ஒற்றைக் கையால்தான், மற்றக் கையில் குழந்தை. பிறகு அவர்கள் கீழே போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு போனை எடுத்தார்கள். நான் இங்கே ஒவ்வொரு குமிழாகத் திருகினேன்.

"இப்ப அக்கா?"

"உலக்கை."

பேஸை மூன்றுக்கு இறக்கினேன். "இப்ப?"

"உலக்கை கொறஞ்சிருக்கு. பக்கத்துத் தெருவுல இடிக்கிறாங்க."

ஒன்றுக்கு இறக்கினேன். கனம் வேண்டும் என்று நான் ஒன்றுமில்லாமல் ஆக்கி வைத்திருந்த நடுச்சத்தக் குமிழை எட்டுக்கு ஏற்றினேன். கரகரப்பைப் பாதியாகக் குறைத்தேன். எனக்கு அழுகை வந்தது. கனமாக வாசிக்க நான் படித்து வைத்திருந்ததற்கு எல்லாம் நேர் எதிராகத் திருகிக்கொண்டிருந்தேன். ஆனால் அம்மா, மெதுவாக வைத்தால் காது அடிச்சத்தத்தை விட்டுவிடுகிறது, நடுச்சத்தத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. குமிழ் இரண்டுக்கு ஒரு மயிரிழை கீழே இருந்தபோது, வண்டு போய் வேறு ஏதோ வந்தது. உன்னுடையது இல்லை. பாதிகூட இல்லை. ஆனாலும் ஒரு உடம்பு இருந்தது அதற்கு.

"இப்ப?"

"இப்ப ஆரோ வாசிக்கிறது தெரியுது. இவன் முழிச்சுப் பாக்குறான். அழல."

முடிவைச் சொல்கிறேன், நீ சிரித்தாலும் சரி. ஹெட்போன் டப்பா, ஐந்து வாட்ஸ், இருபது வாட்ஸ் எல்லாம் பார்த்துவிட்டு நான் தேர்ந்தெடுத்தது இந்த வீட்டுக்குக் கொஞ்சமும் பொருந்தாத உன் பெட்டியைத்தான். இரண்டும் வைத்துக்கொள்ள வழி இல்லை, அதனால் சிப் பெட்டி நாளைக்குக் காலையில் சாதிக் பாயிடம் திரும்பிப் போகிறது. யானையையே கட்டி மேய்க்கப் போறியா என்று கேட்பார். தினமும் டயரின் மேல் இரண்டுக்குக் கீழே. ஸ்வெட்டர் தொங்கும் அரை மணி நேரம் மட்டும் நாலில்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். அப்பா தாண்டிக்குடிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். ஓனர் ஒரு வார்த்தை பேசினால் வண்டியில் ஏற்றிவிடுவேன் என்று என்னிடமும் சொல்லிவிட்டார். ஜமீலா அக்காவின் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று தெரியாது. இரண்டுக்குக் கீழே வாசித்தால் எனக்கு இன்னும் எரிச்சலாகத்தான் வருகிறது. உன் மேலும் கோபம் போகவில்லை. பெட்டியைத் துடைத்து வைக்கத் தெரிந்தவளுக்கு, கம்பியில் ஏன் ஸ்வெட்டர் தொங்குகிறது என்று மகளிடம் ஒரு வரி சொல்லத் தெரியவில்லையே.

இல்லை, சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றவே இல்லையோ? வாசிப்பதற்கு முன்னால் கைகழுவுகிற மாதிரி, அதுவும் ஒன்று என்று இருந்துவிட்டாயோ?

நாளைக்கு நாலரை மணிக்கு, ஜீப் வந்திருக்க வேண்டிய நேரத்தில், ஸ்வெட்டரைக் கம்பியில் போடுவேன். வால்வு சூடேறும்வரை காத்திருந்துவிட்டு எட்டிப் பார்ப்பேன். கீழே வெள்ளைத் துண்டு தொங்கினால் அணைத்துவிடுவேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். தொங்காவிட்டால் அரை மணி நேரம் வாசிப்பேன், மழை வந்தாலும் நின்றாலும். நடுவில் யார் கதவைத் தட்டினாலும் எழுந்து போய்த் திறப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நாளைக்கு நனையப்போகிற ஸ்வெட்டருக்குள் இன்று ராத்திரி மட்டும் சூடாக இருக்கும்,
உன் மகள்
பிரிசில்லா